போட்டியில்லாத் தேர்தலுக்குக் கைதட்டாதீர்கள்

(ஜொகூர் பாருவில் துறைசார் பட்டதாரிகள் கூடிய அவையில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரை)



'தொண்டுள்ளம் வளர்ப்போம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் மன்னிக்க வேண்டும், அந்தத் தலைப்பில் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஏனென்றால் தொண்டுள்ளத்துக்கு நம்மிடம் பஞ்சமே கிடையாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஆள் வருகிறது. தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்கு விருந்து நடத்த ஆள் வருகிறது. கோத்தா திங்கியில் வெள்ளம் என்றால் உணவுப் பொட்டலம் கட்ட இரவோடு இரவாக ஆள் வருகிறது. எதற்குத்தான் ஆள் வருவதில்லை? சொல்கிறேன். தன் தொழிலுக்கான சங்கத்தின் வேட்புமனுத் தாளில் தன் பெயரை எழுதத்தான் ஆள் வருவதில்லை.

இங்கே வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். மருத்துவர்கள், கணக்காளர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முந்நூறு பேர் உறுப்பினர். முப்பது பேர் வருகிறார்கள். அவர்களில் பத்துப் பேர் மதிய உணவுக்கு வந்தவர்கள். கணக்கறிக்கையைப் படிக்காமலே ஒருவர் முன்மொழிகிறார், கேட்காமலே இன்னொருவர் வழிமொழிகிறார். தேர்தல் என்று வரும்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "போட்டியெல்லாம் எதற்கு? இருப்பவர்களே இருக்கட்டும், சுமுகமாக முடித்துக்கொள்வோம்" என்கிறார். மண்டபம் கைதட்டுகிறது. மறுநாள் பத்திரிகையில் 'போட்டியின்றி ஏகமனதாகத் தேர்வு' என்று மாலை போட்ட படத்தோடு செய்தி வருகிறது.

எதற்கு ஐயா அந்தக் கைதட்டல்? நாம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கா? ஒரே ஒரு பெயர் இருக்கும் இடத்தில் ஏது தேர்வு? போட்டியின்றி வந்தவர் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரில்லை. சந்தா எங்கே போனது என்று கேட்டால், "நானாகவா வந்தேன்? நீங்கள்தானே கெஞ்சி உட்கார வைத்தீர்கள்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கெஞ்சி உட்கார வைத்தவரைக் கேள்வி கேட்க முடியாது. வாக்குக் கேட்டு வந்தவரைத்தான் கேட்க முடியும்.

சம்பளமில்லாத பதவிதானே, அதற்கு இவ்வளவு வீறாப்பா என்று நினைக்கிறீர்கள். சம்பளமில்லாத பதவி என்றால் அதிகாரமில்லாத பதவி என்று யார் உங்களுக்குச் சொன்னது? எனக்குத் தெரிந்த தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். தீபகற்ப மலேசியாவின் வழக்கறிஞர் மன்றத்தை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் ஆள்கிறது. மன்றத்தின் தலைமைக் குழுவில் 38 இடங்கள். முந்தைய தலைவரும் துணைத் தலைவரும் 2 பேர். 12 மாநிலக் குழுக்களின் தலைவர்கள் 12 பேர். மாநிலப் பிரதிநிதிகள் 12 பேர். எல்லா வழக்கறிஞர்களின் வாக்குச்சீட்டாலும் நேரடியாக வருகிறவர்கள் 12 பேர். ஆக, ஜொகூருக்கென்றே 2 நாற்காலிகள் அங்கே இருக்கின்றன. மீதி 12 நாற்காலிகளுக்கு ஜொகூர்க்காரரும் நிற்கலாம். ஒருவருக்கும் ஒரு காசு சம்பளம் கிடையாது. ஆனால் தொழில் ஒழுங்கு, பயிற்சி வழக்கறிஞர்களின் நிலை, ஏழைகளுக்கான சட்ட உதவி, புதிய சட்ட மசோதாவைப் பற்றி அரசாங்கத்திடம் என்ன சொல்வது என்பதெல்லாம் அந்த மேசையில்தான் பேசப்படுகின்றன.

அந்த நாற்காலியின் மதிப்பு நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆட்சியில் இருந்தவர்களுக்கு என்றைக்கும் தெரிந்திருந்தது. வரலாற்றைப் பாருங்கள்.

1948இல் பிரிட்டிஷ் ஆட்சி தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது. சங்கப் பொறுப்பில் இருப்பவர், செயலாளர் நீங்கலாக, அந்தத் தொழிலில் குறைந்தது 3 ஆண்டு வேலை செய்தவராக இருக்க வேண்டும் என்று விதி போட்டது. வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேர்வதையும் தடுத்தது. அந்தத் திருத்தத்தோடு அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் முடிந்துபோனது. அதன் தலைவராக இருந்த தமிழர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரது அரசியலை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். நான் சுட்டிக்காட்டுவது ஒன்றைத்தான்: சங்கப் பதவிக்கு யார் நிற்கலாம் என்பதை முடிவு செய்ய ஒரு பேரரசு சட்டம் போட வேண்டியிருந்தது.

முப்பது ஆண்டு கழித்து, சுதந்திர நாட்டில் அதே வேலை நடந்தது. 1975இல் பாதுகாப்பு வழக்குகளுக்கென்று தனி விசாரணை விதிகள் வந்தன. 1977இல் துப்பாக்கி வைத்திருந்த ஒரு 14 வயதுச் சிறுவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வழக்கறிஞர்கள் கூடி, அந்த விதிகளின்கீழ் நடக்கும் வழக்குகளில் இனி ஆஜராவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பதில் உடனே வந்தது. வழக்கறிஞர் தொழில் சட்டத்தில் 1978இல் 46ஏ என்று ஒரு பிரிவு புகுத்தப்பட்டது. 7 ஆண்டு அனுபவம் இல்லாதவர் தலைமைக் குழுவிலோ மாநிலக் குழுவிலோ இருக்கக் கூடாது என்றது அது. இளைஞரை வெளியே நிறுத்திவிட்டால் சத்தம் குறையும் என்ற கணக்கு. வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 1987இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொதுக்கூட்டம் செல்லுபடியாக மொத்த உறுப்பினரில் ஐந்தில் ஒரு பங்கினர் வந்தாக வேண்டும் என்ற விதியும் கூடவே கழுத்தில் கிடந்தது. 2006இல்தான் திருத்தம் வந்தது. 7 ஆண்டுத் தடை நீங்கியது. கூட்டத்துக்கு 500 பேர் போதும் என்றானது.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது? 2007 செப்டம்பரில், நீதிபதிகள் நியமனத்தில் தரகு வேலை நடப்பதாகக் காட்டும் ஒரு காணொளி வெளியானது. அப்போது மன்றத்தின் தலைவர் அம்பிகா சீனிவாசன். செப்டம்பர் 26 அன்று ஏறக்குறைய 2,000 வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நீதி மாளிகையிலிருந்து பிரதமர் அலுவலகம் வரை நடந்தார்கள். பேருந்துகளை வழியில் நிறுத்தியபோது இறங்கி நடந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 2009இல் நீதித்துறை நியமன ஆணையச் சட்டம் வந்தது. சம்பளமில்லாத நாற்காலியில் இருந்தவர்கள் அழைத்தார்கள், நாடு திரும்பிப் பார்த்தது.

அதோடு முடிந்ததா? 2016இல் மறுபடியும் ஒரு திருத்த யோசனை வந்தது. தலைமைக் குழுவில் இருவரை அமைச்சர் நியமிக்கலாமாம். பொதுக்கூட்டத்துக்கு 4,000 பேர் அல்லது மொத்த உறுப்பினரில் 25 விழுக்காட்டினர் வர வேண்டுமாம். வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். அது சட்டமாகவில்லை. எதிர்ப்பதற்கு அந்த நாற்காலிகளில் ஆள் இருந்ததால்தான் அது சட்டமாகவில்லை.

இப்போது சொல்லுங்கள். 1948இல் 3 ஆண்டு, 1978இல் 7 ஆண்டு, 2016இல் 4,000 பேர். ஆட்சி மாறியது, கொடி மாறியது. சங்க நாற்காலிக்குச் சிலரை வரவிடக் கூடாது என்ற எண்ணம் மாறவில்லை. அன்று கதவை இழுத்துச் சாத்த ஒரு சட்டம் தேவைப்பட்டது. இன்று கதவு திறந்தே கிடக்கிறது. நாம் வாசலில் நின்று 'எனக்கு நேரமில்லை' என்கிறோம். நம்மைத் தடுக்க இனி யாரும் சட்டம் போட வேண்டாம், நம் சோம்பலே போதும்!

சாக்குகளுக்கு வருகிறேன். ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன், உங்களுடையது வரும்போது கையைத் தூக்க வேண்டாம், மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சாக்கு, தூரம். தலைமையகம் கோலாலம்பூரில் இருக்கிறது, 330 கிலோமீட்டர், டோல் கட்டணம், பெட்ரோல், ஒரு நாள் வீண். அதோடு 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எப்படிப் போவது என்றும் கேட்டோம். நியாயமான கேள்விதான். 2025 ஜனவரி 1 முதல் சனியும் ஞாயிறும் விடுமுறையாகிவிட்டன. அந்தச் சாக்கை மாநில அரசே நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது. தூரம் அப்படியே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பினாங்குக்காரருக்கும் கிளந்தான்காரருக்கும் தூரம் இல்லையா? நாம் போகாவிட்டால் தெற்கின் கதையைத் தலைநகரத்துக்காரர் எழுதுவார். கடற்பாலத்தைத் தாண்டித் தினமும் சிங்கப்பூர் போய் வரும் தொழில்முறையாளரின் சிக்கல் அவருக்குத் தெரியாது. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. யாருடைய தகுதி எங்கே செல்லும், யார் எங்கே தொழில் செய்யலாம் என்ற கேள்விகள் வராமல் இருக்காது. அப்போது கருத்துக் கேட்க அரசாங்கம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது. சங்கத்தின் கதவைத்தான் தட்டும். உள்ளே நீங்கள் இருப்பீர்களா?

இரண்டாவது சாக்கு, அரசியல். 'சங்கம் என்றால் அரசியல் ஐயா, நமக்கு வேண்டாம்.' வழக்கறிஞர் மன்றத்தில் நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ கட்சிப் பொறுப்பாளரோ பதவியே வகிக்க முடியாது. அதே 46ஏ பிரிவுதான் அவர்களையும் தடுக்கிறது. கட்சிக்காரர் வர முடியாத இடத்துக்கும் நாம் போகமாட்டோம் என்றால், கோளாறு அரசியலில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

மூன்றாவது சாக்கு, சண்டை. தேர்தல் வைத்தால் சங்கம் உடையும், வழக்கு வரும், சங்கப் பதிவிலாகா தலையிடும் என்கிறார்கள். இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான எந்தச் சங்கத்திலும், பொறுப்பாளர் யார் என்பதில் தகராறு முற்றினால் அதைத் தீர்த்துவிட்டதற்குச் சான்று கேட்டு பதிவதிகாரி அறிவிக்கை அனுப்பலாம், தீராவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். நம் சமூகத்தின் பெரிய கட்சியான ம.இ.கா. 2013இல் நடத்திய தேர்தலில் சில பதவிகளுக்கானது செல்லாது என்று 2014 டிசம்பரில் பதிவிலாகா சொன்னதும், அதைத் தொடர்ந்து கட்சி பட்ட பாடும் நமக்கு மறக்கவில்லை. ஆனால் அது போட்டியால் வந்த வினையா? விதிப்படி நடத்தாததால் எழுந்த புகாரின் வினை.

இன்னொரு கட்சியைப் பாருங்கள். 2012 டிசம்பரில் பினாங்கில் ஜனநாயகச் செயல் கட்சி தன் மத்தியச் செயலவையைத் தேர்ந்தெடுத்தது. கணினி அட்டவணையில் வாக்கு எண்ணிக்கையை ஒட்டியபோது பிழை நேர்ந்து, தோற்றவர் ஒருவர் வென்றதாக அறிவிக்கப்பட்டார். பிழையைக் கட்சியே வெளியில் சொன்னது. பிறகு பதிவிலாகா கேட்டுக்கொண்டபடி 2013 செப்டம்பர் 29 அன்று மறுதேர்தல் வைத்தது. கட்சி உடையவில்லை. எண்ணும் முறையைச் சரியாக வையுங்கள். வேட்பாளரின் பிரதிநிதியை எண்ணும் மேசையில் நிற்க விடுங்கள். வாக்காளர் பட்டியலை முன்கூட்டியே காட்டுங்கள். சண்டைக்குப் பயந்து தேர்தலையே கைவிடுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

நான்காவது சாக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தோற்றால் மானம் போய்விடும் என்பது. உண்மையில் இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். மகனின் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள், தேர்தலில் நாற்பது வாக்குத்தானா என்று உறவினர் கேட்பாராம். கேட்கட்டும்! நாற்பது பேர் உங்களை நம்பினார்கள் என்று சொல்லுங்கள். தோற்றவர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால்தான் ஜெயித்தவர் ஒழுங்காகக் கணக்குக் காட்டுவார். அடுத்த ஆண்டு அவர் மறுபடி நிற்பாரோ என்ற கவலை இருந்தால்தான் வாக்குறுதி நிறைவேறும். தோற்ற வேட்பாளரும் சங்கத்துக்குத் தொண்டு செய்தவர்தான். இதை நாம் மேடையில் சொல்லிப் பழக வேண்டும்.

மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 டிசம்பரில் அரசாங்கம் இளம் மருத்துவர்களை ஒப்பந்த முறையில் நியமிக்கத் தொடங்கியது. நிரந்தரப் பணி எத்தனை பேருக்கு, எந்த அடிப்படையில் என்ற கேள்வி ஆண்டுக் கணக்கில் இழுத்தது. 2021 ஜூலை 26 அன்று, கோவிட் தொற்றின் உச்சத்தில், நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளிலிருந்து கறுப்பு உடை அணிந்த இளம் மருத்துவர்கள் வெளியே வந்து நின்றார்கள். அவர்களது துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன். மலேசிய மருத்துவச் சங்கமும் அந்த மாதம் கறுப்பு நிற எதிர்ப்பு இயக்கம் நடத்தியது, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: அந்த நான்கரை ஆண்டில் சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும், ஜொகூர்க் கிளை உட்பட, பாதி நாற்காலிகளில் ஒப்பந்த மருத்துவர்களே உட்கார்ந்திருந்தால் வாசலுக்கு வர வேண்டிய நிலையே வந்திருக்குமா? வாசலில் நின்றால் ஒரு நாள் செய்தியாகலாம். மேசையில் உட்கார்ந்தால் ஆண்டு முழுக்க நச்சரிக்கலாம். நச்சரிப்புக்குத்தான் அமைச்சுகள் இறங்கி வரும்.

இங்கே பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். குத்துவிளக்கு ஏற்ற உங்களை அழைக்கிறோம், வரவேற்புரைக்கு அழைக்கிறோம், பிறகு 'மகளிர் பிரிவு' என்று ஒரு மூலையைக் காட்டுகிறோம். வழக்கறிஞர் மன்றத்துக்கு 1995இலேயே ஹெண்டன் முகமது என்ற பெண் தலைவரானார். 2007இல் அம்பிகா. நம் சங்கங்களின் பொருளாளர் நாற்காலிகூடப் பெண்ணுக்கு எட்டவில்லை என்றால், யார் மீது பழி? கொடுக்காதவர்கள் மீது பாதி. கேட்டு நிற்காதவர்கள் மீது மீதிப் பாதி. இந்த அவைக்கு இது பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் சொன்னேன்.

பதவியை வாழ்நாள் சொத்தாக வைத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். டத்தோ பட்டம் வாங்கும் வரை தலைவர், வாங்கிய பிறகு ஆலோசகர், அதற்குப் பிறகு நிரந்தரக் காப்பாளர் என்று படியேறும் ஒரு கூட்டம் நம்மிடையே இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை, சிரிப்பதிலிருந்தே தெரிகிறது. 'இளைஞர்கள் வருவதில்லையே' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அழுபவர்களும் இவர்கள்தான். வந்த இளைஞரிடம் நாற்காலி தூக்கும் வேலையைக் கொடுத்தீர்கள், நாற்காலியைக் கொடுத்தீர்களா? பரம் குமாரசாமி வழக்கறிஞர் மன்றப் பொறுப்பில் இருந்த 1985இல், மரண தண்டனைக் கைதி ஒருவருக்காக மன்னிப்பு வாரியத்திடம் வேண்டுகோள் விடுத்ததற்காகத் தேச நிந்தனை வழக்கைச் சந்தித்தார். 1986இல் விடுதலையானார். அதன் பிறகு மன்றத்தின் தலைவரானார், 1994இல் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளரானார். பதவி அவருக்கு முதலில் கொடுத்தது குற்றவாளிக் கூண்டு. பதவி என்றால் மாலை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிற்கப் போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். சங்கத்தின் விதிகளை முழுதாகப் படியுங்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் எது, முன்மொழிபவருக்குச் சந்தா பாக்கி இருக்கலாமா என்பதிலேயே பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கடந்த மூன்று ஆண்டுக் கணக்கறிக்கையை வாங்கிப் பாருங்கள். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவிடம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, நான் வந்தால் இந்த ஒரு காரியத்தை முடிப்பேன் என்று ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். பத்துச் சொல்லாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள்.

வாக்களிப்பவர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. மறு தவணைக்கு நிற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நடந்த கூட்டங்களில் எத்தனைக்கு வந்தீர்கள்? போன முறை சொன்னதில் எது முடிந்தது? அடுத்து வருகிறவராக யாரைத் தயார் செய்திருக்கிறீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக அவருக்கே போடுங்கள். பழையவர் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம், புதியவர் என்பதற்காக அள்ளவும் வேண்டாம். போட்டி இருக்கட்டும், அதுதான் நான் கேட்பது.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு உங்கள் கைக்கு வரும்போது, வேட்புமனுத் தாளைத் தனியே எடுத்து வையுங்கள். உங்கள் பெயரை எழுதுங்கள். எழுத மனமில்லை என்றால், தகுதியுள்ள ஓர் இளையவரின் பெயரை அவரைக் கேட்டுக்கொண்டு முன்மொழியுங்கள். அதுவும் முடியாது என்றால், "போட்டி எதற்கு, சுமுகமாக முடிப்போம்" என்று யாராவது எழும்போது கைதட்டாமல் இருங்கள். எழுந்து, "வாக்கெடுப்பு வேண்டும்" என்று சொல்லுங்கள். இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யாதவர், சங்கம் எதுவும் செய்யவில்லை என்று இனிமேல் எந்தக் காப்பிக் கடையிலும் குறை பேசக் கூடாது.